ஸோஹாரை எழுதியது யார்? ஷோலெம் தன் பதிலையே மாற்றிக்கொண்ட கதை

நெய்தல்நிலா | செவ்வாய், இரவு 9:12

1305ஆம் ஆண்டு. ஸ்பெயினில் வயாதோலித் நகரத்திலிருந்து ஊர் திரும்பும் வழியில், அரேவாலோ என்ற சிற்றூரில் ஒருவர் நோயில் விழுந்து இறந்துபோகிறார். பெயர் மோசே தெ லெயோன். கையில் வந்த காசை அப்போதைக்கப்போது செலவழித்துவிடுகிறவர். ஆவிலாவில் இருந்த மனைவியும் மகளும் வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

ஆவிலாவின் பெரிய பணக்காரர் ஒருவர், யோசேப்பு என்று பெயர், தன் மனைவியை அந்த விதவையிடம் தூது அனுப்புகிறார். மகளைத் தன் மகனுக்குக் கட்டிக்கொள்வதாகவும், ஆயுசுக்கும் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் குறை வராது என்றும் சொல்லச் சொல்கிறார். அதற்குப் பதிலாகக் கேட்டது ஒன்றுதான்: இறந்தவர் பார்த்துப் பிரதி எடுத்த மூல ஏடு. விதவை சத்தியம் செய்கிறாள். அப்படி ஓர் ஏடே கிடையாது, எல்லாம் அவர் சொந்த மனதிலிருந்து எழுதியது என்கிறாள். மகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாலும் அதே பதில். ஏன் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை என்று ஒருமுறை கணவரிடமே கேட்டாளாம். நானே எழுதியது என்றால் ஒருவரும் சீந்தமாட்டார்கள், ரபி சீமோன் பார் யோகாயின் நூல் என்றால் நல்ல விலை கொடுப்பார்கள் என்றாராம் அவர்.

அந்த நூல்தான் ஸோஹார். 'பேரொளி' என்று பொருள். யூத மறைஞானமான கப்பாலாவின் தலையாய நூல். 2ஆம் நூற்றாண்டில் கலிலேயாவில் வாழ்ந்த சீமோன் பார் யோகாயும் அவருடைய சீடர்களும் வழிநடையில் பேசிக்கொண்ட வேத விளக்கங்களாக, அரமேய மொழியில் அமைந்தது. விதவையின் கதையை நமக்குச் சொன்னவர் ஆக்ரே நகரத்து ஈசாக்கு. 1291இல் பாலஸ்தீனக் கடற்கரையிலிருந்த ஆக்ரே வீழ்ந்தபோது தப்பி வந்தவர். ஸோஹார் எங்கிருந்து முளைத்தது என்று தெரிந்துகொள்ளவே ஸ்பெயினுக்குப் போனார்.

நான்கு மாதமாகக் கெர்ஷோம் ஷோலெமைப் படித்துக்கொண்டிருக்கிறேன். யூத மறைஞானத்தைப் பல்கலைக்கழகத் துறையாக நிலைநிறுத்தியவர் அவர். 1925இல் ஜெருசலேமில் எபிரேயப் பல்கலைக்கழகம் திறந்த புதிதில் அவர் நிகழ்த்திய உரையின் தலைப்பே 'மோசே தெ லெயோன் ஸோஹாரை எழுதினாரா?' என்பதுதான். அன்று அவர் சொன்ன பதில்: அப்படி முடிவுகட்ட ஆதாரம் போதாது, பழைய பகுதிகள் உள்ளே இருக்கலாம். 1938இல் நியூயார்க்கில் தொடர் சொற்பொழிவு செய்தபோது பதில் தலைகீழாகிவிட்டது. ஆமாம், நூலின் பெரும்பகுதி ஒரே ஆள் எழுதியது, அந்த ஆள் மோசே தெ லெயோன்தான் என்றார். அந்தச் சொற்பொழிவுகள் 1941இல் புத்தகமாக வந்தன. இன்றைக்கும் இந்தத் துறைக்குள் வருகிறவர்கள் மிதிக்கும் முதல் படி அதுதான்.

என்னைப் பிடித்து வைத்திருப்பது நடுவில் கிடக்கும் அந்தப் பதின்மூன்று ஆண்டுகள். தான் மறுக்கப் புறப்பட்ட கருத்தையே சொந்த உழைப்பால் நிரூபிக்கும் இடத்துக்கு ஒருவர் வந்து சேர்கிறார். அதை மறைக்காமல் எழுதியும் வைக்கிறார். இதைப் பற்றிப் பேச யாராவது இருக்கிறீர்களா?


புதுவாசகன் | செவ்வாய், இரவு 9:40

அக்கா, கப்பாலா என்றால் சினிமா நட்சத்திரங்கள் கையில் கட்டிக்கொள்ளும் சிவப்புக் கயிறு என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். கொஞ்சம் ஆரம்பத்திலிருந்து சொல்ல முடியுமா?


நெய்தல்நிலா | செவ்வாய், இரவு 10:05

சொல்கிறேன் தம்பி. கப்பாலா என்ற சொல்லுக்கு 'வழிவழியாகப் பெற்றுக்கொண்டது' என்று பொருள். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் பிரான்சில் தலைகாட்டி, அடுத்த நூற்றாண்டில் ஸ்பெயினில் செழித்த மறைஞான மரபு. கடவுளின் உள்ளியல்பை யாராலும் அறிய முடியாது. அதை 'ஏன் ஸோஃப்' என்பார்கள், அதாவது முடிவிலி. அந்த முடிவிலி பத்து ஆற்றல்களாக வெளிப்படுகிறது. அவைதான் செஃபிரோத். பத்தாவது 'ஷெகினா', பெண்ணாகச் சித்திரிக்கப்படும் இறைப்பிரசன்னம். மனிதன் கட்டளைகளை ஒழுங்காகச் செய்தால் இந்த ஆற்றல்களுக்குள் இணக்கம் கூடும், பாவம் செய்தால் பிளவு விழும். கடவுளுக்குள் நடப்பதில் மனிதனுக்கும் கை இருக்கிறது என்ற இந்தத் துணிச்சல்தான் என்னை உள்ளே இழுத்தது.

கயிறு சமாச்சாரம் பிற்கால வழக்கம். அதையும் இன்று ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். நான் பேச வந்தது வேறு.


பழைய நூலகர் | புதன், காலை 6:20

நல்ல இழை. முப்பத்தோரு ஆண்டு நூலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் ஷோலெமை வேறொரு பக்கமிருந்து அறிவேன். பேராசிரியராவதற்கு முன் அவர் நூலகர்.

1897இல் பெர்லினில் பிறந்தவர். அப்பா அச்சகம் வைத்திருந்தார். யூதர்தான், ஆனால் ஜெர்மானியராகவே வாழ விரும்பிய குடும்பம். முதல் உலகப்போரில் மகன் ஜெர்மனி பக்கம் நிற்கவில்லை, யூதர்களுக்குத் தனித் தாயகம் வேண்டும் என்ற சியோனியம் பேசினார் என்பதால் 1917இல் அப்பா வீட்டைவிட்டே அனுப்பிவிட்டார். கணிதம் படித்தார், யேனாவில் தர்க்கவியலாளர் ஃபிரேகேயின் வகுப்பில் உட்கார்ந்தார். பிறகு மியூனிக்கில் 'பாஹிர்' என்ற பழைய கப்பாலா நூலை மொழிபெயர்த்து ஆராய்ந்து, 1922இல் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஜெருசலேம் போனபோது கிடைத்த வேலை தேசிய நூலகத்தில் எபிரேயப் பிரிவு.

நூலகங்கள் புத்தகங்களை எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி தசமப் பகுப்பில் யூத சமயம் முழுவதுக்கும் 296 என்ற ஒரே எண்தான். ஒரு யூத நூலகம் அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? ஷோலெம் அதை விரித்துத் தனிப் பகுப்பு முறையே உருவாக்கினார். கப்பாலாவுக்கு உள்ளேயே காலம், பள்ளி, வகை என்று கிளைகள் பிரிந்தன. ஓர் அறிவுத்துறை பிறக்கும்போது முதலில் அதற்கு ஓர் அலமாரி வேண்டும் என்று நான் நம்புகிறேன். நான் வேலை பார்த்த நூலகம் ஒன்றில் இந்த மாதிரிப் புத்தகங்களை எல்லாம் 'மாந்திரீகம், சோதிடம்' தட்டில் திணித்து வைத்திருந்தார்கள். மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன், நடக்கவில்லை. அலமாரி தப்பாக இருந்தால் வாசகர் வரவே மாட்டார்.

19ஆம் நூற்றாண்டு யூத அறிஞர்கள் கப்பாலாவை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ஷோலெம் தன் நினைவுக் குறிப்பில் ஒரு சம்பவம் சொல்கிறார். இளைஞராக இருந்தபோது பெர்லினில் பிலிப் பிளோக் என்ற முதிய அறிஞரைப் பார்க்கப் போனார். வீடு நிறையக் கப்பாலா நூல்கள், கையெழுத்துப் பிரதிகள். இவ்வளவையும் படித்திருக்கிறீர்களே என்று இவர் வியக்க, இந்தக் குப்பையை நான் படிக்கவும் வேண்டுமா என்று கேட்டாராம் பெரியவர். கப்பாலாவில் அன்றைய நிபுணர் அவர்! பதினோரு தொகுதியில் யூத வரலாறு எழுதிய ஹைன்ரிஹ் கிரேட்ஸ் ஸோஹாரைப் பொய்நூல் என்றே முத்திரை குத்தினார். நாங்கள் பகுத்தறிவுள்ள ஐரோப்பியர்கள் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்த காலம். அலமாரியில் இருந்ததை அவர்கள் வெளியே காட்ட விரும்பவில்லை.


எழுத்தாணி | புதன், காலை 10:48

நெய்தல்நிலா, அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். மொழியியல் படித்தவள் என்பதால் எனக்கு இதில்தான் ருசி.

விதவையின் சாட்சியம் இரண்டாம் கை, மூன்றாம் கை. அதை வைத்து முடிவுகட்ட ஷோலெம் தயங்கியது நியாயம். கிரேட்ஸ் அந்தக் கதையையும் தன் வெறுப்பையும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டார். ஷோலெம் நூலையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்.

ஸோஹாரின் அரமேயம் யாரும் எந்தக் காலத்திலும் பேசிய மொழி இல்லை. வேதத்தின் பழைய அரமேய மொழிபெயர்ப்பான ஓங்கெலோஸிலிருந்து கொஞ்சம், யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனியத் தல்மூதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பிசைந்தது. வெவ்வேறு காலத்து வழக்குகள் ஒரே வாக்கியத்தில் தோளோடு தோள் நிற்கின்றன. வினைச்சொற்களின் வகைகள் குழம்பிக் கிடக்கின்றன. மேலே அரமேயச் சட்டை, உள்ளே இடைக்கால எபிரேயத் தத்துவச் சொற்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு. தல்மூதில் 'தய்யா' என்றால் அராபிய வழிப்போக்கன். ஸோஹாரில் அதே சொல் கழுதை ஓட்டும் யூதனைக் குறிக்கிறது. பழைய நூலில் படித்த சொல்லை ஆசிரியர் தனக்குத் தோன்றிய பொருளில் கையாண்டிருக்கிறார். இரண்டாவது 'எஸ்நோகா'. ஐபீரிய யூதர்கள் தொழுகைக்கூடத்துக்குச் சொன்ன வட்டாரச் சொல். ஸோஹார் அதைப் பிரித்து, 'ஏஷ் நோகா', ஒளிரும் நெருப்பு என்று மறைபொருள் சொல்கிறது. 2ஆம் நூற்றாண்டுக் கலிலேயாவில் அந்தச் சொல் இருக்க வழியே இல்லை.

நிலவியலும் காட்டிக்கொடுக்கிறது. கப்பதோக்கியா சின்ன ஆசியாவில் ஒரு பெரும் பிரதேசம். ஸோஹார் அதைக் கலிலேயாவில் ஒரு கிராமம் என்று நினைக்கிறது. ஜெருசலேம் தல்மூதில் செப்போரிஸ் ஊரில் குடியிருந்த கப்பதோக்கியர்களைப் பற்றி ஒரு வரி வருகிறது. அதைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர், அந்த மண்ணை மிதிக்காதவர் செய்யும் பிழை இது.

இதெல்லாம் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. ஸோஹாரின் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் சீட்டு எழுதினார். அவர் கையில் வைத்துப் படித்த ஸோஹார் பிரதியின் ஓரமெல்லாம் குறிப்புகள். அந்தப் பிரதியையே 1992இல் அப்படியே படியெடுத்து ஆறு தொகுதியாக ஜெருசலேமில் வெளியிட்டார்கள். ஓரக்குறிப்புக்காக ஒரு புத்தகத்தை மறுபடி அச்சடித்திருக்கிறார்கள்!


மௌனவாசி | புதன், மாலை 4:31

எல்லோருக்கும் வணக்கம். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பல ஆண்டுகளாகத் தியானம் செய்கிறவன் நான். ஸோஹாரின் சில பகுதிகளை மொழிபெயர்ப்பில் படித்தபோது மனது நடுங்கியது. அதை எழுதியவர் 2ஆம் நூற்றாண்டா, 13ஆம் நூற்றாண்டா என்பது அந்த நடுக்கத்தில் எதை மாற்றும்? வினைச்சொல் பிழை, ஊர்ப்பெயர்ப் பிழை என்று தோண்டுவது பூவை இதழ் இதழாகப் பிய்ப்பது போல இருக்கிறது. பிய்த்து முடித்த பிறகு மணத்தை எங்கே தேடுவீர்கள்? இன்றும் ஸோஹாரை வேதம்போல் வைத்துத் தொழுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது கேட்டார்களா?


நெய்தல்நிலா | புதன், இரவு 8:55

மௌனவாசி, கோபம் எதற்கு? ஷோலெமுக்கே உறுத்திய கேள்வி இது.

ஜெருசலேமின் பழைய நகரில் பெத் ஏல் என்ற கப்பாலாப் பாடசாலை உண்டு. தலைமுறை தலைமுறையாக மறைஞானத் தியானத்தோடு தொழுகை நடத்தியவர்கள். இளைஞரான ஷோலெம் அங்கிருந்த ஒரு கப்பாலா ஆசிரியரிடம் போய்க் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டார். அவர் சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு: கேள்வி கேட்கக்கூடாது. ஷோலெம் யோசித்துப் பார்த்தார், தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இந்தச் சம்பவத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்த ஆசிரியர் ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிகிறது. கேள்வி மரபின் வெளியே நின்று கேட்கப்படுவது, அது உள்ளே வந்தால் காதில் விழ வேண்டியது விழாது. ஷோலெம் ஏன் திரும்பினார் என்பதும் புரிகிறது. கேள்வியை விட்டுவிட்டால் அவர் அவராகவே இருக்க மாட்டார்.

1937இல் பதிப்பாளர் ஸால்மன் ஷோக்கெனுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் மனம் திறக்கிறார். தான் கப்பாலாவின் வரலாற்றை எழுதப் புறப்படவில்லை, அதன் உட்பொருளைத் தேடித்தான் வந்தேன் என்கிறார். உண்மையை ஒரு மலையாகவும் வரலாற்றை அதைச் சுற்றி நிற்கும் மூடுபனியாகவும் காட்டுகிறார். பனிக்குள் நுழைகிற ஆய்வாளன் பேராசிரியனாகவே செத்துப்போகிற ஆபத்து உண்டு, ஆனாலும் நுழைந்துதான் ஆக வேண்டும், மலையிலிருந்து வரும் ஒரு குரலுக்காக அந்த வேலையில் காத்திருக்கிறேன் என்கிற தொனி. பூவைப் பிய்க்கிறவர் எழுதுகிற கடிதம் போல எனக்குப் படவில்லை.

உங்கள் கடைசிக் கேள்வி மட்டும் சரியான இடத்தில் குத்துகிறது. வாழ்கிற கப்பாலாக்காரர்களிடம் கேட்டார்களா? பெரும்பாலும் கேட்கவில்லை. இதே பெத் ஏல் சம்பவத்தை வைத்து போவாஸ் ஹுஸ் என்ற ஆய்வாளர் 2005இல் ஒரு கட்டுரை எழுதினார். ஷோலெமின் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் கப்பாலாக்காரர்கள் வாழ்ந்தார்கள், எழுதினார்கள், அச்சிட்டார்கள். அவருடைய ஆராய்ச்சியில் அவர்களுக்கு இடமில்லை. உண்மையான கப்பாலா கடந்த காலத்தில் இருக்கிறது, இன்று மிஞ்சியது அதன் எச்சம் என்ற எண்ணம் அவருக்குள் ஊறியிருந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்களிலும் பலர் அதே கண்ணால் பார்த்தார்கள். இந்தக் குற்றச்சாட்டு நிற்கிறது என்றுதான் நினைக்கிறேன்.


கல்வெட்டுக்காரன் | புதன், இரவு 11:17

இழை ஷோலெம் புகழ்பாட்டாகப் போய்விடக்கூடாது என்பதற்காக உள்ளே வருகிறேன். ஷோலெமுக்கு அடுத்த தலைமுறைக் கப்பாலா ஆய்வாளர் மோஷே இதேலை யாரும் சொல்லவில்லையே!

1947இல் ருமேனியாவில் பிறந்து, 1963இல் இஸ்ரேலுக்கு வந்தவர். அவருடைய ஆய்வேடு 13ஆம் நூற்றாண்டுக் கப்பாலாக்காரர் ஆபிரகாம் அபுலாஃபியாவைப் பற்றியது. 1988இல் வந்த அவருடைய புத்தகம் ஷோலெம் கட்டிய வீட்டின் பல தூண்களைத் தட்டிப் பார்த்தது.

ஷோலெம் கப்பாலாவை முதன்மையாகக் கருத்துகளின் வரலாறாக எழுதினார். பத்து ஆற்றல்கள், தீமையின் தோற்றம், படைப்பு என்று கோட்பாடுகள். இதேல் கேட்டது: இவர்கள் உட்கார்ந்து என்ன செய்தார்கள்? எப்படி மூச்சு விட்டார்கள், எதைக் கண்டார்கள்? தரிசனம் பெறுவதற்காக அழுத மரபையே தொகுத்துக் காட்டினார். அபுலாஃபியா கடவுளின் பெயர்களில் உள்ள எழுத்துகளை மாற்றி மாற்றிக் கோத்து, அதற்கேற்ற மூச்சும் தலையசைவும் வகுத்தவர். ஷோலெமும் அவருக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கி, யோகத்தோடு உள்ள ஒற்றுமையையும் குறிப்பிட்டார். இதேலோ, இது ஓரத்துக் கிளை இல்லை, கப்பாலாவின் இரண்டு பெரும் ஓட்டங்களில் ஒன்று என்றார்.

அபுலாஃபியாவின் வாழ்க்கை தனிக் கதை. 1280இல் போப்பாண்டவர் மூன்றாம் நிக்கோலாஸைச் சந்திக்க ரோமுக்குப் புறப்பட்டார். வந்தால் எரித்துவிடுங்கள் என்று உத்தரவு. போப் தங்கியிருந்த சொரியானோ கோட்டை வாசலை இவர் அடைந்தபோது போப் இறந்துவிட்டார். பிரான்சிஸ்கன் துறவிகள் இவரை இருபத்தெட்டு நாள் பிடித்து வைத்திருந்து விட்டுவிட்டார்கள்.

அடுத்தது பெரிய தூண். ஷோலெமின் சங்கிலி இது: 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்டார்கள். அந்த அடியின் வலி இரண்டு தலைமுறை கழித்து கலிலேயாவின் சஃபேது நகரில் ஈசாக்கு லூரியாவின் போதனையில் உருவெடுத்தது. கடவுள் தன்னைச் சுருக்கிக்கொண்டு படைப்புக்கு இடம் விடுகிறார், ஒளியைத் தாங்க முடியாமல் பாத்திரங்கள் உடைகின்றன, சிதறிய பொறிகளைத் திரும்பச் சேர்ப்பது மனிதனின் வேலை. கடவுளே நாடு கடத்தப்பட்டவர் போல. இந்தப் போதனை எங்கும் பரவியதால்தான் 1665இல் ஸப்பத்தாய் ஸ்வி என்பவரை மெசியா, அதாவது யூதர்கள் காத்திருக்கும் மீட்பர், என்று அறிவித்தபோது யூத உலகம் முழுவதும் தீப்பிடித்தது என்றார் ஷோலெம். அழகான சங்கிலி. ஆனால் லூரியாவின் எழுத்துகள் அன்று சிறு வட்டத்துக்குள் கையெழுத்துப் பிரதியாகப் பொத்தி வைக்கப்பட்டவை, சாதாரண ஜனங்களை அவை எட்டியதற்குச் சான்று எங்கே என்று இதேல் கேட்டார். லூரியாவே ஸ்பெயின் வெளியேற்றத்தைப் பற்றிப் பேசியவர் இல்லை. வலியிலிருந்து கோட்பாடு பிறந்தது என்பது 20ஆம் நூற்றாண்டு யூதர் ஒருவரின் பார்வை.


பழைய நூலகர் | வியாழன், காலை 5:58

கல்வெட்டுக்காரன் கடைசி வரியில் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லலாமா?

ஷோலெமின் அண்ணன் வெர்னர் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்ட் உறுப்பினராக இருந்தவர். 1940இல் புஹென்வால்ட் முகாமில் கொல்லப்பட்டார். உயிர் நண்பர், சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் அதே ஆண்டு பிரான்ஸ், ஸ்பெயின் எல்லையில் தற்கொலை செய்துகொண்டார். 1941இல் வந்த அந்தப் புத்தகம் பெஞ்சமினுக்குத்தான் சமர்ப்பணம். 1946இல், நாஜிகள் கொள்ளையடித்துக் குவித்திருந்த யூத நூல்களை மீட்க எபிரேயப் பல்கலைக்கழகம் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஓஃபன்பாக்கில் அமெரிக்கப் படையினர் நடத்திய கிடங்கில், வாசகர்கள் எல்லோரும் செத்துப்போன நூலகங்களின் முத்திரை குத்திய புத்தகங்களுக்கு நடுவே நின்றார். ஒரு நூலகராக அதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஸப்பத்தாய் ஸ்வியைப் பற்றிய அவருடைய பெரிய நூல் எபிரேயத்தில் வந்தது 1957இல். உடைந்த பாத்திரங்களையும் சிதறிய பொறிகளையும் அவர் எந்தக் கண்ணால் படித்திருப்பார்?


நெய்தல்நிலா | வியாழன், காலை 7:30

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி.

சங்கிலி அறுந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன், கல்வெட்டுக்காரன். 1492க்கும் லூரியாவுக்கும் நடுவே நேர்க்கோடு போட முடியாது. ஆனால் ஸப்பத்தாய் நூல் அந்தக் கண்ணியை மட்டும் நம்பி நிற்கவில்லை. 1666 செப்டம்பர் 16 அன்று எதிர்னேயில் சுல்தான் முன்னிலையில் மெசியாவே தலைப்பாகை கட்டி முஸ்லிமாகிவிட்டார். அதன் பிறகும் நம்பிக்கையைக் கைவிடாதவர்கள் இருந்தார்கள், மதம் மாறியதையே ஒரு மறைபொருளாக விளக்கினார்கள். வெட்கக்கேடு என்று யூத வரலாற்றாசிரியர்கள் மூடி வைத்த இந்த மனிதர்களின் தர்க்கத்தை, அவர்கள் கடிதங்களையும் பிரதிகளையும் தேடிப் பிடித்து, உள்ளிருந்து புரிந்துகொள்ள முயன்றது ஷோலெம்தான். அவரை மறுப்பதற்கு வேண்டிய பிரதிகளைக்கூட அவர்தான் கண்டெடுத்துப் பட்டியல் போட்டு வைத்திருந்தார்.


புதுவாசகன் | வியாழன், மதியம் 1:15

பாதி புரிகிறது, பாதி புரியவில்லை, ஆனால் விட முடியவில்லை. அப்படியானால் இன்றைய நிலவரம் என்ன? மோசே தெ லெயோன் எழுதியது உறுதியா?


எழுத்தாணி | வியாழன், மாலை 6:42

உறுதி என்று சொன்ன இடமும் இப்போது ஆடிக்கொண்டிருக்கிறது தம்பி.

காலமும் ஊரும் மாறவில்லை. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, ஸ்பெயினின் காஸ்தீல் அரசு. 1281இல் எழுதப்பட்ட ஒரு கதை நூலில் ஸோஹாரின் ஒரு பகுதியிலிருந்து மேற்கோள் வருகிறது. 1286, 1287 என்று தேதியிட்ட மோசே தெ லெயோனின் சொந்த எபிரேய நூல்களில் ஸோஹாரின் எண்ணங்கள் ஓடுகின்றன. 1264இல் அவருக்காகப் படியெடுக்கப்பட்ட யூதத் தத்துவஞானி மைமோனிடீஸின் தத்துவ நூல் பிரதி ஒன்றும் கிடைத்திருக்கிறது. தத்துவம் படித்துவிட்டு மறைஞானத்துக்கு வந்தவர் அவர் என்று ஷோலெம் அதிலிருந்து காட்டினார்.

'ஒரே ஆள்' என்பதில்தான் தகராறு. 1980களின் கடைசியில் யெஹூதா லீபெஸ் ஒரு புதிய வாசிப்பை முன்வைத்தார். ஸோஹாருக்குள் சீமோன் பார் யோகாயைச் சுற்றி ஒரு சீடர் குழு இருக்கிறதே, அதைப் போலவே காஸ்தீலில் நிஜமாகவே ஒரு குழு இருந்திருக்க வேண்டும், மோசே தெ லெயோன் அதில் முக்கியமான ஒருவர் என்றார். நூலின் பகுதிகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதும், ஒரே கருத்து வெவ்வேறு வடிவில் வருவதும் அப்போது விளங்குகின்றன. ரோனித் மெரோஸ் பல அடுக்குகள், பல கைகள் என்று இன்னும் பிரித்தார். டேனியல் ஏப்ரம்ஸ் கேள்வியையே புரட்டினார். கையெழுத்துப் பிரதிகளில் 'ஸோஹார்' என்று வரம்பிட்ட ஒரு புத்தகமே இல்லை, சிதறிய கட்டுரைகள்தான் சுற்றிவந்தன. 1558க்கும் 1560க்கும் இடையில் இத்தாலியில் மாந்துவா, கிரெமோனா என்ற இரண்டு ஊர்களில் போட்டி போட்டு அச்சிட்டார்களே, ஏட்டைச் சேகரித்து வெட்டி ஒட்டிப் புத்தகமாக்கியவர்கள் அவர்கள்தான் என்பது அவர் வாதம். இப்படிப் பார்த்தால் ஆவிலாப் பணக்காரர் தேடிய மூல ஏடு அவர் நினைத்த அர்த்தத்தில் எங்குமே இருந்திருக்காது.

ஆங்கிலத்தில் படிக்க விரும்பினால் ஸ்டான்ஃபோர்ட் வெளியிட்ட பன்னிரண்டு தொகுதிகள் இருக்கின்றன, 2004 முதல் 2017 வரை வந்தவை. முதல் ஒன்பது டேனியல் மாட் செய்தவை. பிரதிகளை ஒப்பிட்டுத் தானே ஓர் அரமேய மூலத்தைத் திரட்டிக்கொண்டு மொழிபெயர்த்தார். முதல் தொகுதியில் ஆதியாகமத்தின் முதல் வரிக்கான விளக்கத்தைப் படியுங்கள். இருண்ட சுடர் ஒன்று, நிறமே இல்லாதது, முடிவிலியின் மறைவுக்குள்ளிருந்து வெளிப்பட்டு அளக்கத் தொடங்குகிறது. மௌனவாசி சொன்ன நடுக்கம் எனக்கும் அங்கேதான் வந்தது. அது போலி அரமேயம் என்று தெரிந்த பிறகும் வந்தது.


தோணிக்காரி | வியாழன், இரவு 9:03

சின்னத் தகவல். கப்பாலாவைத் தேடி ஜெருசலேம் வரை போக முடியாதவர்கள் கொச்சி போய்ப் பாருங்கள். மட்டாஞ்சேரிப் பக்கம் வீடுகளுக்கு நடுவே நெகேமியா மோத்தா என்ற யூதக் கவிஞரின் கல்லறை இருக்கிறது. 1615இல் இறந்தவர். கல்வெட்டே அவரைக் கப்பாலா அறிஞர் என்கிறது. யூதர் மட்டுமில்லை, அக்கம்பக்கத்து இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்ளும் இடம். நான் போன மாலையில் ஓர் அம்மா தன் பேரனின் பரீட்சைக்காக ஏற்றிக்கொண்டிருந்தார்.


மௌனவாசி | வியாழன், இரவு 10:20

எழுத்தாணி, நீங்கள் சொன்ன பகுதியை இப்போதுதான் மறுபடி படித்தேன். நன்றி.

பூவைப் பிய்ப்பது என்று சொன்னதை இப்போது அப்படியே சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை நீங்கள் எல்லோரும் யோசிக்க வேண்டும். தன் பெயரை மறைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய நூலை எழுதியவரை ஏமாற்றுக்காரர் என்கிறது அந்த விதவையின் கதை. காசுக்காக என்கிறது. இருண்ட சுடரை எழுதிய கை காசுக்காக எழுதியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. சீமோன் பார் யோகாய் தன் வழியாகப் பேசுகிறார் என்று அவர் உண்மையாகவே நினைத்திருக்கக் கூடாதா?


நெய்தல்நிலா | வெள்ளி, காலை 6:05

மௌனவாசி, ஷோலெமும் அதே இடத்தில்தான் நின்றார். ஆசிரியர் மோசே தெ லெயோன் என்ற முடிவுக்கு வந்தார், ஆனால் கிரேட்ஸ் சொன்ன 'பொய்' என்ற சொல்லை ஏற்கவில்லை. பழைய பெரியவர் ஒருவரின் பெயரில் எழுதுவது பல மரபுகளில் சமய இலக்கியத்துக்கு இயல்பான வழி, அதை மோசடி என்று அளப்பது தவறு என்றார். அவர் அங்கே மாறவே இல்லை. எழுதியவர் ஏதோ ஓர் ஆவேசத்தில், கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றுகிறது.

இன்னொன்று. முதல் பதிவில் நான் செய்த தவறைத் திருத்த வேண்டும். ஆக்ரே ஈசாக்கின் கதையை விதவையோடு நிறுத்திவிட்டேன். அது அங்கே முடியவில்லை. ஈசாக்கின் நாட்குறிப்பு நமக்கு நேராகக் கிடைக்கவில்லை. 1500 வாக்கில் ஆபிரகாம் ஸக்கூத்தோ எழுதிய வரலாற்று நூலில் எடுத்தாண்ட பகுதிதான் மிஞ்சியிருக்கிறது. அதன்படி, விதவையைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகும் ஈசாக்கு ஓயவில்லை. ஊர் ஊராகப் போய் விசாரித்தார். சிலர் மோசேயிடம் எழுதவைக்கும் புனித நாமம் ஒன்றின் சக்தி இருந்தது, அதைக்கொண்டு எழுதினார் என்றார்கள். உங்கள் ஊகத்துக்கு மிகப் பக்கத்தில் வருகிறது இது. சிலர் மூல ஏடு உண்டு என்றார்கள். கடைசியில் மோசேயின் நேரடிச் சீடர் ஒருவர், யாக்கோபு என்று பெயர், வானத்தையும் பூமியையும் சாட்சி வைத்து ஈசாக்கிடம் சத்தியம் செய்யத் தொடங்குகிறார். சீமோன் பார் யோகாய் இயற்றிய ஸோஹார் நூலானது, என்று அவர் வாயெடுக்கிறார்.

பிரதி அந்த இடத்தில் அறுந்துவிடுகிறது. வாக்கியம் முடியவில்லை.